வலது பக்கத்து மட்டை

மைத்துனன் அன்சாரை ஜபருல்லாவுக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த நாள் முதல் அந்தக் காரணத்தைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அகப்படவில்லை. அன்சார் சிகரெட் பிடிப்பதில்லை, புறம் பேசுவதில்லை, யாரையும் எடுத்தெறிந்து ஒரு சொல் சொல்வதில்லை. அக்கா வீட்டில் காஸ் தீர்வதற்கு முதல் நாளே புது சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நிற்பான். இப்படிப்பட்டவனை எந்தப் பக்கம் பிடித்துக் குறை சொல்வது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போனார்.

லெப்பைக்குடிக்காட்டில் இது ஒன்றும் புதிதல்ல. வீட்டு ஆண் வளைகுடாவில் இருப்பார். வீட்டை ஒரு தம்பியோ மச்சானோ பார்த்துக்கொள்வான். திரும்பி வருகிறவர் கொஞ்ச நாள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார், அப்புறம் மெல்ல மெல்ல வீட்டுக்காரர் ஆகிவிடுவார். ஜபருல்லாவுக்கு அந்த விருந்தாளிக் காலம் முடிகிற வழியாக இல்லை. வைஃபை பாஸ்வேர்டு அன்சாருக்குத்தான் தெரியும். எந்த வால்வைத் திருப்பினால் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் என்பதும் அவனுக்குத்தான் தெரியும். மகள் இனாயாவின் பள்ளிக்கூடத்தில் ஏதாவது என்றால் போன் அவனுக்குத்தான் போகும்.

இனாயா ஒன்பதாம் வகுப்பு. எல்கேஜியில் சேர்ந்த நாளிலிருந்து அவளைப் பெரம்பலூருக்கு பைக்கில் கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அன்சார் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தன் மோட்டார் வைண்டிங் கடையைத் திறப்பான். அவள் சிரிப்பதுகூட அவன் மாதிரியே, தலையைப் பின்னால் சாய்த்து. மாமாவை ‘வா, போ’ என்பாள். அப்பாவை ‘வாங்க அத்தா, சாப்பிடுங்க அத்தா’ என்பாள். மரியாதைதான். யாருக்கு வேண்டும் அந்த மரியாதை? ஒரு நாள் மேசை மேல் கிடந்த அவளுடைய போனுக்கு ஜபருல்லா சும்மா ஒரு அழைப்பு விட்டுப் பார்த்தார். ‘அத்தா குவைத்’ என்று திரையில் வந்தது. அப்போது அவர் நின்றுகொண்டிருந்தது தன் வீட்டுச் சமையலறை வாசலில்.

அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவருக்கு மனமில்லை. நமக்கென்ன, வைத்துவிடலாம். பொறாமைதான், பச்சைப் பொறாமை. மாமாவை மகள் வெறுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று தெரியும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்சார் முன்னால், அவன் காதுபட, எங்க அத்தா மாதிரி வருமா என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த மெஷினை அவர் மலை போல நம்பியிருந்தார்.

குவைத்தில் ஒரு விளையாட்டுக்கூடத்தில் பழைய மெஷின்களைப் பழுது பார்ப்பது ஜபருல்லாவின் வேலை. கூடத்தை இழுத்து மூடியபோது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்றவர்கள் டிவியையும் ஏசியையும் எடுத்தார்கள். ஜபருல்லா, தன் வயதுக்குச் சற்றே இளைய ஒரு பின்பால் மெஷினைக் கால்களைக் கழற்றி, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினார். லாரியிலிருந்து அது இறங்கியபோது தெருவே கூடிவிட்டது.

“கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தது இதானா?” என்றாள் அவர் மனைவி நஜீமா. “ஊருல எல்லாரும் வாஷிங்மெஷினு கொண்டாறாங்க. நீங்க வெளையாட்டுச் சாமான் கொண்டாந்திருக்கீங்க.”

முன் அறையில் கால்களை மாட்டி நிறுத்தினார்கள். சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே விளக்குகளும் ரப்பர் வளையங்களும், நடுவில் கைகளை விரித்த ஆக்டோபஸ் படமும். எஃகுக் குண்டை மேலே சுண்டிவிட்டால் அது அங்குமிங்கும் முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். கீழே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு சின்ன மட்டைகள். பெட்டியின் இரு பக்கத்திலும் உள்ள பட்டன்களை அமுக்கினால் அவை குண்டைத் திருப்பி மேலே அடிக்கும். தவறவிட்டால் குண்டு நடுப்பள்ளத்தில் விழுந்துவிடும், ஆட்டம் போச்சு. விளையாட்டு முழுக்க அந்த இரண்டு மட்டைகளில்தான் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் ஆக்டோபஸின் கண்கள் சிவப்பாக எரிந்தன. இனாயா வாயைப் பிளந்தாள். ஜபருல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் பட்டனை அமுக்கினாள். காய்ச்சல்காரன் கையைத் தூக்குவது போல மட்டை பாதி எழுந்து, குண்டைத் தொட்டும் தொடாமலும் படுத்துக்கொண்டது. இன்னொரு மட்டையும் அப்படியே.

“அவ்ளோதானா அத்தா?” என்றாள்.

பக்கத்தில் நின்ற அன்சார் குனிந்து பார்த்தான். “காயில் வீக்கு மச்சான். நம்ம ஏரியா கரெண்டு அப்படி, சாயங்காலமானா வோல்டேஜ் படுத்துரும். கழட்டிக் குடுங்க, லோ வோல்டேஜ் வைண்டிங் போட்டுத் தந்துடறேன். சிறுவாச்சூர்லேர்ந்து விக்கிரமங்கலம் வரைக்கும் பம்புசெட்டு மோட்டாருக்கு அதான் போட்டுக் குடுக்குறேன். குதிரையா ஓடுது.”

“இது பம்புசெட்டு இல்ல மாப்ள.”

“சரிங்க மச்சான். உங்களுக்குத் தெரியாததா?”

அதற்கும் கோபப்படவில்லை அவன். மறுநாள் தன் கடையில் செய்த ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது இல்லாமல் சாயங்காலத்தில் மெஷின் விளக்கு எரியவே தயங்கியது. தன் மெஷினுக்குப் போகிற கரெண்டுகூட அன்சாரின் கை வழியாகத்தான் போக வேண்டுமா? ஜபருல்லா அந்த ஸ்டெபிலைசரைக் கண்ணில் படாதபடி சுவரோரம் தள்ளி வைத்தார்.

மேசைப் பலகையைக் காரின் பானெட் மாதிரித் தூக்கி நிறுத்தி, இனாயாவை டார்ச் பிடிக்கச் சொன்னார். பட்டனை அமுக்கினால் செம்புக் கம்பி சுற்றிய காயில் ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும், தண்டு மட்டையைத் தூக்கும். இத்தனை வருஷ அடியில் தண்டின் முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. காயிலுக்குள் இருந்த குழல் தேய்ந்து, தண்டு உரசி உரசித்தான் நகர்ந்தது. பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அதன் இரண்டு உலோக இலைகளும் கரி பிடித்துக் கிடந்தன.

“இந்த ரெண்டு எலையும் ஒட்டியிருக்குற வரைக்கும்தான் முழு பவரு போவும்,” என்று ஆசையோடு ஆரம்பித்தார் ஜபருல்லா. “மட்டை முழுசா மேல ஏறுனப்புறம் பிரியணும், இல்லாட்டி காயில் கருகிடும். முன்னாடியே பிரிஞ்சுச்சுன்னு வையி, மட்டை பாதியிலயே செத்துரும். நூலளவு கணக்கு. ஒருக்கா சரியா வெச்சுட்டா தானா வளையாது. யாராச்சும் கை வெச்சாத்தான் வளையும்.”

“ம்,” என்றாள் இனாயா. டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டிருந்தது. இன்னொரு கையில் போன். மாமா அனுப்பிய எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இதைச் சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று ஜபருல்லா பல்லைக் கடித்தார்.

தண்டையும் குழலையும் புதிதாகக் கடைய ஒரு லேத் வேண்டும். பெரம்பலூரில் லேத்துக்கா பஞ்சம்? ஆனால் அங்கே இருக்கிற லேத்காரன் எல்லாம் அன்சாரோடு டீ குடிக்கிறவன். ஒருவனிடம் கொடுத்தால் அரை மணியில் விஷயம் வைண்டிங் கடைக்குப் போய்விடும், அன்சார் உதவிக்கு வந்து நின்றுவிடுவான். ஆகவே இடது பக்கத்துச் சாமான்களை மட்டும் மாதிரிக்குக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளின் புழுதியை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு அரியலூருக்குப் போனார் மனிதர். அங்கே பாலசுந்தரம் என்பவரின் பட்டறையைத் தேடிப் பிடித்தார். பாலசுந்தரம் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊருங்க பாய்?”

“லெப்பைக்குடிக்காடு.”

“அட, நம்ம வைண்டிங் அன்சார் ஊரா! தங்கமான மனுசனாச்சே. உங்களுக்குப் பழக்கமுங்களா?”

“பாத்திருக்கேன்,” என்றார் ஜபருல்லா.

இரண்டு மட்டைக்கும் வேண்டியதைக் கடைந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும்போது சாயங்கால அசர் தொழுகை முடிந்திருந்தது. தெருமுனையிலேயே கைதட்டல் கேட்டது. அது தன் வீட்டிலிருந்து வருவதை உணர்ந்து எட்டி நடந்தார். முன் அறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மெஷினைச் சுற்றி நின்றார்கள். வலது பக்கத்து மட்டை அடித்த அடியில் குண்டு பறந்துபோய் மேல் கண்ணாடியில் ‘டங்’ என்று மோதியது.

“அத்தா! மாமா சரி பண்ணிடுச்சு!” என்று குதித்தாள் இனாயா. “நான்தான் காயிலைக் கழட்டிக் குடுத்தேன்!”

“கோச்சுக்காதீங்க மச்சான்,” என்றான் அன்சார். “புள்ள கேட்டுகிட்டே இருந்துச்சு. கம்பியைத் தடிப்பாப் போட்டு, சுத்தைக் கொறச்சுட்டேன், நம்ம பம்புசெட்டுக்குப் போடுற மாதிரி. இழுவையைப் பாத்தீங்களா!”

“கருகிடும்,” என்றார் ஜபருல்லா. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. மகள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அரியலூர்ப் புழுதி இன்னும் அவர் சட்டையில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. கருகட்டும், இப்பவே கருகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் பலித்தது. பெட்டிக்குள்ளிருந்து புகை கிளம்பி, வார்னிஷ் நாற்றம் வீடெங்கும் பரவியது. நஜீமா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். அன்சார் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

“மச்சான் அன்னைக்கே சொன்னாங்க. மோட்டார் கணக்குல போட்டது என் புத்தி. மச்சான் கைக்கு முன்னாடி என் கை எம்மாத்திரம்?”

தோற்றவன் இப்படிப் பேசினால் ஜெயித்தவனுக்கு என்ன ருசி இருக்கும்? ஒரு சின்ன முணுமுணுப்பாவது வேண்டாமா?

ஜபருல்லா குவைத்திலிருந்து கொண்டுவந்த உபரிக் காயில் ஒன்றை வலது பக்கம் மாட்டினார். புதுத் தண்டு, புதுக் குழல். சுவிட்ச் இலைகளின் கரியை வழித்து, இடைவெளியைத் தொட்டுத் தொட்டுச் சரி செய்தார். வேலை முடிந்தபோது இரண்டு மட்டைகளும் விரல் பட்டாலே சுளீரென்று எழுந்தன. குண்டு ஆக்டோபஸின் தலையைத் தாண்டிப் போய் மணியை அடித்துவிட்டு வந்தது. கண்ணாடியில் மோதவில்லை, காயில் சூடாகவில்லை. அன்சார் வரும்வரை காத்திருந்துதான் இனாயாவை ஆடச் சொன்னார். அவள் ஆடினாள். ஜபருல்லா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா நீ போட்டது இன்னும் ஃபோர்ஸா இருந்துச்சுல்ல மாமா?”

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அது அன்றைக்கு அவருக்கு நடந்தது.

அதன் பிறகு அது அவர்கள் இருவருடைய மெஷின் ஆகிவிட்டது. கடையை அடைத்துவிட்டு அன்சார் நேரே இங்கேதான் வருவான். இடது பட்டன் இனாயாவுக்கு, வலது பட்டன் அவனுக்கு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். குண்டு விழுந்தால் அதற்கும் தலையைச் சாய்த்து ஒரே மாதிரிச் சிரிப்பார்கள். “அவசரப்படாதீங்க, குண்டு மட்டை நுனிக்கு வரட்டும்,” என்று பின்னாலிருந்து சொல்லுவார் ஜபருல்லா. “அத்தா, நீங்க உக்காந்து பாருங்க,” என்று இனாயா நாற்காலியை எடுத்துப் போடுவாள். வந்தவருக்குப் போடுவது போலப் போடுவாள்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். எத்தனை நாள் பார்ப்பார்? தான் பிழைக்க வைத்த மட்டையை இன்னொருவன் தட்டித் தட்டி மகளைச் சிரிக்க வைப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. நஜீமா இஞ்சிச்சாறு போட்டுக் கொடுத்தாள்.

ஒரு நாள் மதியம் நஜீமா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். இனாயா பள்ளியில். ஜபருல்லா மெஷினின் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். துடைப்பதற்குப் பலகையைத் தூக்க வேண்டியதில்லை. தூக்கினார். வலது பக்கத்துச் சுவிட்சின் இலையைக் குறட்டு நுனியால் பிடித்து, ஒரு நூல், ஒரே ஒரு நூல், வளைத்தார். பலகையை இறக்கி, கண்ணாடியை மாட்டி, அதையும் ஒழுங்காகத் துடைத்தார்.

“இப்ப ஆடு மாப்ள,” என்று வாய்விட்டே சொன்னார்.

அன்று சாயங்காலம் அன்சாரின் பக்கம் வந்த குண்டெல்லாம் பள்ளத்தில் விழுந்தது. மட்டை எழும், பாதியில் சோர்ந்துவிடும். அன்சார் பட்டனை ஓங்கி ஓங்கிக் குத்தினான்.

“என்ன மச்சான், இந்தப் பக்கம் கொஞ்சம் வீக்கா இருக்கோ? அன்னிக்கு நான் காயிலைக் கருக்குனதுல எதுவும் கெட்டுப்போச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றார் ஜபருல்லா நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “உனக்கு டைமிங் வரல மாப்ள. டைமிங்.”

அன்சார் நம்பிவிட்டான். நம்பிக்கொண்டே அடுத்த நாளும் வந்து தோற்றான். அதற்கடுத்த நாளும் தோற்றான். “வயசாவுதுல்ல இனாயா, கை வர மாட்டேங்குது,” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஜபருல்லாவுக்கு அந்த நாட்களில் பசி எடுத்தது. ராத்திரி படுத்தால் நல்ல தூக்கம். மெல்ல மெல்ல அன்சார், கடையில் வேலை அதிகம் என்று சொல்ல ஆரம்பித்தான். காலையில் பைக்கை வாசலோடு நிறுத்தி இனாயாவை ஏற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் தெருமுனையில் இறக்கிவிட்டான்.

“தம்பி மொகமே சரியில்லையே, நீங்க எதுவும் சொன்னீங்களா?” என்று கேட்டாள் நஜீமா.

“நான் என்னத்த சொன்னேன்?” என்றார் அவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது உண்மைதானே.

இனாயா மெஷின் பக்கமே போகாமல் இரண்டொரு நாள் சும்மா இருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம், அவரே எதிர்பாராத நேரத்தில், “அத்தா, நீங்க ஆடுறீங்களா என்கூட?” என்று கேட்டாள். ஜபருல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். அவள் இடது பக்கம் போய் நின்றாள். அவர் வலது பட்டனில் விரலை வைத்தார். அப்போதுதான் உறைத்தது.

அவள் எதிரில் பலகையைத் தூக்க முடியுமா? குண்டு அவர் பக்கம் வந்தது. மட்டை பாதி எழுந்து படுத்தது. குண்டு விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தார், நெற்றி வியர்த்தது. மட்டையைக் குறை சொல்லவும் வாயில்லை, தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவும் வாயில்லை. “டைமிங் கொஞ்சம் தப்பிப்போச்சு,” என்று முனகினார். இனாயா மட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எழுதற வேலை இருக்கு அத்தா,” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவளே அன்சாருக்குப் போன் செய்து, வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவன் வந்தான். பழக்கத்தில் வலது பக்கம் போனவனைக் கையைப் பிடித்து இழுத்து இடது பக்கம் நிறுத்தினாள்.

“நீ இங்க நில்லு மாமா. நான் அந்தப் பக்கம் ஆடுறேன்.”

ஜபருல்லா நாற்காலியில் இருந்தார். குண்டு வலது பக்கம் வந்தது. இனாயா அதை அடிக்கவே முயலவில்லை. செத்த மட்டையை அது எழுகிற பாதி அளவுக்கே எழுப்பி, குண்டை அதன் மேல் தாங்கி, நிதானமாக இடது பக்கத்துக்கு உருட்டிவிட்டாள். “அடி மாமா!” அன்சார் சுளீரென்று அடித்தான். மணி அடித்தது. மறுபடி குண்டு வந்தது. மறுபடி தாங்கி உருட்டிக் கொடுத்தாள். எத்தனை தடவை வந்தாலும் அவள் தனக்கென்று ஒரு அடிகூட அடிக்கவில்லை. அன்சார் சின்னப் பையன் மாதிரிக் கத்தினான். “கை வந்துருச்சு இனாயா, கை வந்துருச்சு!” இருவரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்கள். நல்ல பக்கத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கெட்ட பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு நிற்கிற மகளையே ஜபருல்லா பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக யாரும் அப்படி நின்றதில்லை என்று முதலில் நினைத்தார். அந்த நினைப்பிலும் பொறாமைதான் இருந்தது.

அன்சார் போன பிறகு அவள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அத்தா, வலது பக்கத்து எலை வளைஞ்சிருக்கும். அதான் பாதியிலயே பிரியுது.”

ஜபருல்லா சுவரோரத்து ஸ்டெபிலைசரைப் பார்த்தார்.

“தானா வளையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “மட்டை வீக்குன்னா நீங்க ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டீங்க. அன்னிக்கு அரியலூர் வரைக்கும் போனீங்க. இப்ப உக்காந்துகிட்டு டைமிங்னு சொல்றீங்க.”

டார்ச்சைக் கூரைக்கு அடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தவள், அன்று அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். சுவரிடம் பேசவில்லை அவர்.

“மாமா ஒரு வாரமா சரியா சாப்பிடலையாம். தன்னாலதான் மெஷின் கெட்டுப்போச்சோன்னு பொலம்புது,” என்றாள். “நாளைக்கு நான் ஸ்கூல் விட்டு வரதுக்குள்ள சரி பண்ணிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நஜீமா சோற்றுக்குக் கூப்பிட்டபோது ஜபருல்லா பசியில்லை என்றார். நெஞ்சுக்குள் ஏதோ கரித்துக்கொண்டிருந்தது; இஞ்சிச்சாற்றுக்கு அடங்குகிற கரிப்பு அல்ல அது.

காலையில் வழக்கம்போல அன்சாரின் பைக் ஹார்ன் கேட்டது. இந்தத் தடவை அவன் வாசலோடு நிற்கவில்லை. இறங்கி உள்ளே வந்து சலாம் சொன்னான். முகம் பளிச்சென்று இருந்தது.

“மச்சான், நேத்து பாத்தீங்கள்ல? எடது பக்கம் நின்னதும் கை தானா வந்துருச்சு! நான் ஒரு வாரமா என்னமோ ஏதோன்னு கெடந்தேன். யாரு குடுத்த ஐடியா இது?”

ஜபருல்லா வாயைத் திறந்தார். இனாயா பையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி வந்து, அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“அத்தாதான் மாமா. ‘மாமாவுக்கு அந்தப் பக்கம் சரிப்படல, சைடை மாத்தி நிக்கச் சொல்லு’ன்னு அத்தாதான் சொன்னாங்க. எங்க அத்தா மாதிரி யாருக்கு வரும்?”

“அதானே பாத்தேன்! மச்சான்னா மச்சான்தான்!” அன்சார் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். அவன் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. “நான் மனசு ஒடிஞ்சு கெடந்தது உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு பாருங்க.”

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அன்சார் முன்னால், அவன் காதுபட, மகள் வாயாலேயே கிடைத்துவிட்டது. அவரைக் காப்பாற்றுவதற்காக அவள் அதைப் பொய்யாகச் சொல்ல வேண்டியிருந்தது. குறடு பிடித்த அந்தக் கையை அன்சார் விடுவதாக இல்லை. ஜபருல்லாவுக்குக் கூசியது. மெல்ல அதை உருவிக்கொண்டு, பைக்கில் ஏறி உட்கார்ந்த மகளைப் பார்க்க முடியாமல், பைக்கின் சக்கரத்தைப் பார்த்தார்.

“பாத்துப் போ மாப்ள,” என்றார். “ரோட்டுல லாரி நெறைய வருது.”